பவர் வீடர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன கார்த்திகையில் 78,000 ரூபாய் கொடுத்து ஒரு டீசல் பவர் வீடர் வாங்கினேன். கத்திகள் சுற்றி மண்ணைக் கிளறிக் களை எடுக்கும் கைவண்டி அது. 9 எச்பி (குதிரைத்திறன்) என்று சொல்லி 6 எச்பி வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை, அந்த வண்டியால் என் தம்பியின் கால் போயிருக்கும். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் நான் ஏமாந்த விதம் எந்தக் கடையிலும், யாருக்கும் நடக்கக்கூடியது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ராயக்கோட்டை பக்கம் ஒன்றரை ஏக்கர் தக்காளி, வரப்போரமாகக் கொஞ்சம் மா. செம்மண்தான், நடுநடுவே சரளை. ஒரு மழை பெய்தால் நாலே நாளில் பார்த்தீனியமும் கோரையும் செடியை மூடிவிடும். களை வெட்டக் கூப்பிட்டால் ஆள் வருவதில்லை, வந்தாலும் அன்றைக்குக் கூலி கட்டுப்படியாவதில்லை. வேளாண் பொறியியல் துறையில் மானியத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று அரசின் உழவன் செயலியைத் திறந்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் கடைக்காரர் பேசினார். "எதுக்குண்ணா அலையறீங்க, மானியம் போக என்ன விலை வருமோ அந்த விலைக்கே நான் தர்றேன், இன்னைக்கே ஏத்திக்கிட்டுப் போங்க" என்றார். எனக்கும் களை அவசரம். விழுந்துவிட்டேன்.

இந்தப் பேச்சை யார் பேசினாலும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மானியத்தில் தரும் வண்டிகள் மத்திய அரசின் சோதனை நிலையங்களில் ஓட்டிப் பார்த்து அறிக்கை வாங்கியவையாக இருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் ஒன்று இருக்கிறது, நமக்குப் பக்கத்தில் ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னையில் ஒன்று இருக்கிறது. இஞ்சின் எவ்வளவு சக்தி கொடுக்கிறது என்பதெல்லாம் அந்த அறிக்கையில் வந்துவிடும். சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பாதி விலை வரை மானியம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. "அதே விலைக்குத் தர்றேன்" என்பவரின் வண்டிக்கு அந்த அறிக்கை இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

கடைக்குப் பின்னால், ஏற்கெனவே பல தடவை உழுது பொலபொலவென்று கிடந்த மண்ணில் ஓட்டிக் காட்டினார்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. அந்த மண்ணில் எந்த வண்டியும் அப்படித்தான் ஓடும் என்று அப்போது தோன்றவில்லை. எங்கள் நிலத்துக்கு வந்து இறங்கியதும், பத்தடி போவதற்குள் இஞ்சின் திணறிப் புகை கக்கியது. கடைக்குப் போன் பண்ணினால், "புது வண்டிண்ணா, கொஞ்சம் ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். மூன்றாவது நாள் கியர் பாக்ஸ் கத்த ஆரம்பித்தது. அம்மிக்கல்லில் இரும்பை உரசுகிற மாதிரி ஒரு சத்தம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தேன். முதலில் கியர் பாக்ஸ் நட்டைக் கழற்றி ஆயிலை வடித்தார். ஒரு டம்ளர்கூட வரவில்லை. "ஆயில் ஊத்தியே அனுப்பலப்பா" என்றார். பெட்டியில் வரும் புது வண்டிகள் பல நேரம் இஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் இல்லாமல்தான் வரும், கடைக்காரர்தான் ஊற்றி, அளவு பார்த்துத் தர வேண்டும். எனக்கு அது தெரியாது. "எல்லாம் ஊத்தியாச்சு" என்ற வார்த்தையை அப்படியே நம்பினேன்.

அப்புறம் அவர் டீசல் நனைத்த துணியால் இஞ்சின் பக்கவாட்டைத் துடைத்தார். மேலே அடித்திருந்த பெயின்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, உள்ளே குத்தியிருந்த எழுத்து தெரிந்தது: 178 எஃப். டேங்க்கின் மேல் பளபளவென்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலோ 9 எச்பி. அவர் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன், இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்த வகைச் சின்ன டீசல் இஞ்சின்களில் முதல் எண் 1 என்றால் ஒரு சிலிண்டர். அடுத்த இரண்டு எண்கள் சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். 178 என்றால் 78 மில்லிமீட்டர், சிலிண்டர் கொள்ளளவு ஏறக்குறைய 296 சிசி (கன சென்டிமீட்டர்), 6 எச்பி பக்கம் வரும். 9 எச்பி என்று விற்பது 186 எஃப். அதன் விட்டம் 86 மில்லிமீட்டர், 400 சிசிக்கு மேல். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். இரும்பில் குத்தியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

எனக்கு நேர்ந்ததிலேயே மோசமானதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். வண்டியை இறக்கிவிட்டு ஓட்டிக் காட்ட வந்த கடைப் பையன், இடது கைப்பிடியில் இருக்கும் கிளட்ச் லீவரை கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனான். அந்த லீவரை அழுத்திப் பிடித்திருந்தால்தான் கத்தி சுற்றும், கையை விட்டால் நின்றுவிடும். "பிடிச்சுக்கிட்டே இருந்தா கை வலிக்கும்ணா, எல்லாரும் இப்படித்தான் கட்டி ஓட்டுறாங்க" என்று சாதாரணமாகச் சொன்னான். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது நாள் சாயங்காலம் தம்பி ஓட்டினான். சால் முடிகிற இடத்தில் மாமரம். வண்டியைத் திருப்ப ரிவர்ஸ் போட்டான். எங்கள் வண்டியில் கத்திதான் சக்கரம் மாதிரி மண்ணைப் பிடித்து நகர்த்தும். ரிவர்ஸில் அது ஓட்டுபவரை நோக்கியே வரும். அவன் முதுகு மரத்தில் முட்டிவிட்டது. பயத்தில் கையை விட்டான். கம்பி கட்டியிருந்ததால் வண்டி நிற்கவில்லை. நான் ஓடிப்போய் ஆக்சிலரேட்டரை முழுக்க இறக்கி இஞ்சினை அணைப்பதற்குள் அவன் லுங்கி கத்தியில் சுற்றி முழங்கால் வரை கிழிந்திருந்தது. கெண்டைக்காலில் ஒரு சிராய்ப்போடு தப்பித்தான். அந்த லுங்கித் துண்டைக் கத்தியிலிருந்து உருவி எடுக்கும்போது என் கை நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. அவனுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள்.

அன்றிரவே கம்பியை வெட்டி எறிந்தேன். யார் கட்டிக் கொடுத்தாலும், எவ்வளவு கை வலித்தாலும், அந்த லீவரைக் கட்டாதீர்கள். லுங்கி, வேட்டி, சேலையோடு இந்த வண்டியைத் தொடவே வேண்டாம். பேன்ட்டும் மூடிய செருப்போ பூட்ஸோ போட்டுக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் போடும் முன் பின்னால் மரமோ கல்கம்பமோ வரப்போ இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள், வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் போடுங்கள். கத்தியில் கொடி சுற்றிக்கொண்டால் இஞ்சினை அணைத்துவிட்டு எடுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக் கேப்பையும் கழற்றிவிடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனால், கடைக்காரர் பேச்சு மாறிவிட்டது. "கல்லுல அடிச்சு கியரை உடைச்சுட்டு வந்து எங்களைக் கேட்டா எப்படி?" என்றார். வாரன்டி அட்டையை எடுத்துப் பார்த்தால், அதில் இஞ்சின் எண்ணும் இல்லை, கடை முத்திரையும் இல்லை. பில் என்று கொடுத்த தாளின் மேல் 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது. வாங்கும்போது பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில் போட்டா 18 சதவீதம் கூடும்ணா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லியிருந்தார். அதுவும் பொய். இந்த வேளாண் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நான் வாங்கியது அதற்குப் பிறகுதான்.

நல்ல வேளை, 30,000 ரூபாயை போனில் அனுப்பியிருந்தேன். அந்த ரசீதும் "9 எச்பி டீசல் வண்டி ரெடி" என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸப் செய்தியும் கையில் இருந்தன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பதிந்தேன், அதற்குக் கடைக்காரர் மசியவில்லை. பிறகு கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த நிலத்தில் நானே பாடுபட்டுப் பிழைப்பதற்காக வாங்கிய வண்டி என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள், எங்களிடமும் பார்த்தார்கள்.

எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் கருத்து இது. தக்காளி, சாமந்தி சாலில் களை மட்டும் எடுக்க, எங்கள் அனுபவத்தில் 7 எச்பி பெட்ரோல் வண்டியே போதும். டீசலைவிட எடை குறைவு, மேட்டிலும் திருப்பத்திலும் ஒரு ஆளே சமாளிக்கலாம். இறுகிப்போன நிலத்தை உழ பவர் வீடரை நம்பாதீர்கள், அதற்கு வாடகை டிராக்டர்தான் சரி. எதை வாங்கினாலும், உங்கள் நிலத்தில், உங்கள் மண்ணில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு ஆயிலையும் உங்கள் கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். இஞ்சின் எண் எழுதிய பில்லை வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

அடுத்த வாய்தா பங்குனியில். அதுவரை வண்டி மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. களைக்கு இப்போது பக்கத்து ஊர் மாமாவின் பெட்ரோல் வீடரை வாடகைக்கு எடுக்கிறோம். தம்பிதான் ஓட்டுகிறான், பேன்ட் போட்டுக்கொண்டு.