திருகோணமலை ஜீப்புக்கு 265/70 டயரா, 285/70 டயரா?

வண்டியோடு வந்த கம்பனி டயர் 265/65 ஆர்17 என்று வைத்துக்கொள்வோம்: அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 வீதம், ரிம் 17 அங்குலம். அதன் உயரம் 776 மி.மீ.

அதே ரிம்மில் 265/70 போட்டால் 803 மி.மீ.; வண்டியின் அடிவயிறு 13 மி.மீ. மட்டும் உயரும். வேகமானி 70 காட்டும்போது உண்மையில் ஓடுவது ஏறக்குறைய 72. வேகமானிகள் வழக்கமாகச் சற்றுக் கூட்டியே காட்டுவதால் இது பெரிய விஷயமில்லை.

285/70 என்றால் 831 மி.மீ. அடிவயிறு 27 மி.மீ. உயரும், ஆனால் முள் 70இல் நிற்க, வண்டி 75இல் போகும். டயரின் பாரம் கூடுவதால் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். இரவில் கந்தளாய், ஹபரணைப் பக்கம் யானை குறுக்கே நின்றால் அந்தச் சில மீட்டர்தான் உயிர். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு சில்லைக் கல்லில் ஏற்றிப் பாருங்கள்: மட்கார்டின் உட்புறத்தில் கறுப்புத் தேய்மானம் தெரிந்தால் அந்த டயர் பொருந்தவில்லை. பாரமான டயரால் போல் ஜொயின்ட் (முன் சில்லைத் தாங்கித் திரும்பவிடும் மூட்டு), பெயாரிங் சீக்கிரம் ஆடும். ஸ்பெயார் பழைய அளவிலேயே இருந்தால், அதைப் போட்டு நான்கு சில்லு இழுவையில் ஓடும்போது டிஃபரன்ஷியல் (சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) கெடலாம்.

சட்டப் பக்கம்: பதிவுச் சான்றிதழில் உள்ள டயர் அளவைப் பாருங்கள். மாற்றத்தைக் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள்; மறைத்தால் விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகலாம். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் கல்லெறியும்.

நிலாவெளி மணலுக்காகவா 285? காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 265/70 போதும். தார் ரோட்டுக்கு ஏறுமுன் திரும்ப அடித்துவிடுங்கள்.