ரப்பர் வெந்நீர் பை: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மெடிக்கலில் 320 ரூபாய்க்கு வாங்கிய 2 லிட்டர் பை இது. கொலுசுக்குச் சலங்கை கோர்ப்பது என் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருப்பேன். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருப்பதால் மாதத்தில் நாலைந்து நாள் அடிவயிறும் இடுப்பும் கழன்றுவிடும் போலிருக்கும். மாத்திரையோடு இந்தப் பையையும் வைத்தால்தான் உட்காரவே முடிகிறது.

முன்பு வைத்திருந்த பை மூடியோரம் கசிந்து தொடையைச் சுட்டுவிட்டது. இதில் வாஷர் தடிமன், இதுவரை ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. ஆனாலும் கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, காற்றைப் பிதுக்கிவிட்டு மூடுங்கள். துணி சுற்றாமல் வயிற்றில் வைக்கவே கூடாது. ரப்பர் வாடை போக இரண்டு வாரம் ஆனது. சூடு ஒன்றரை மணி நேரம் நிற்கிறது. மார்கழியில் ஏற்காட்டில் நாத்தனார் வீட்டில் முக்கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

வலிக்கு உதவும். சோர்வுக்கு உதவாது. அதையும் சொல்லியாக வேண்டும்.

வயிற்றில் பை இருந்தால் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. பை இல்லாத நாளில்தான் கஷ்டம். வலி விட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும், துணி காயப்போடக் கை தூக்க வராது. உள்ளே ஓயாத அழற்சி, வலியில் கெட்ட தூக்கம், ரத்தத்தோடு போன இரும்புச்சத்து என்று டாக்டர் காரணம் சொன்னார். அதை வீட்டில் சொன்னால், "நேத்து நல்லாத்தானே இருந்தே கண்ணு?" என்பார் அத்தை. குத்திக்காட்ட அல்ல, புரியாமல்தான் கேட்பார். அதனாலேயே எனக்கு அழுகை வரும்.

ஒருநாள் விடியற்காலையில் ஆறிக் கிடந்த பையை எடுத்து வைக்க வந்தார். "தொட்டுப் பாருங்கத்தை. ராத்திரி இருந்த மாதிரியே நிறைஞ்சுதான் இருக்கு, சூடுதான் இல்லை. நானும் இப்படித்தான் இருக்கேன்" என்றேன்.

பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "படுத்து எந்திரிச்சா சரியாயிராதா?"

"ஆறுன தண்ணி சும்மா கிடந்தா சூடாகுமாங்கத்தை?"

அன்றைக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டது அவர்தான். அப்புறமும் எப்போதாவது அதே கேள்வியைக் கேட்கிறார், பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறார்.

அடுத்த மாதம் அவருடைய முழங்காலுக்கும் ஒன்று வாங்கப் போகிறேன். என்னுடையது நீலம், அவருக்குச் சிவப்பு.