துபாய்க்குப் போகும் வறுவலும் பாலக்காட்டு டிரேட்மார்க் அலுவலகமும்

கொழிஞ்சாம்பாறையில் நேந்திரங்காய் வறுவல் போட்டு விற்கும் எங்களைப் போன்ற சிறு தொழிற்கூடத்தார், வெளிநாட்டில் சரக்கின் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொள்ளப் பாலக்காட்டில் நான் சென்ற முகவர் அலுவலகத்தை நாடலாம். ஆனால் கட்டண விவரம் முழுவதையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் போனபோது சென்னை டிரேட்மார்க் பதிவகத்தின் சான்றிதழ் கையில் இருந்தது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அந்தக் கிண்டி அலுவலகம்தான் என்பதால், எல்லை தாண்டினாலும் அது செல்லும் என்ற நினைப்பு எங்களுக்குப் பழகிவிட்டது. முகவர் அலுவலகத்தில் இருந்த அம்மையார் பொட்டலத்தை வாங்கி, பெயருக்கு மேலே, பதிவானது என்று காட்ட வட்டத்துக்குள் இருந்த ‘ஆர்’ எழுத்தின்மீது பேனா முனையை வைத்து, “இது இந்தியாவுக்கு மட்டும்தான் சார். பதியாத நாட்டில் இதைப் போட்டு விற்பது பல இடங்களில் குற்றம்” என்றார்.

அடுத்து, துபாயில் சரக்கை எடுப்பவர் யார், அவரோடு ஒப்பந்தம் உண்டா என்று கேட்டார். அவர் தம் பெயரிலேயே பதிந்து தருவதாகச் சொல்லியிருப்பதை நான் பெருமையாகச் சொன்னேன். அப்படிப் பதிந்துவிட்டால், பிற்பாடு வேறொருவருக்குச் சரக்கு கொடுக்கும்போது எங்கள் பொட்டலத்தை எங்கள் பெயரிலேயே அங்கு இறக்க முடியாமல் அவர் தடுக்கக்கூடும் என்று அம்மையார் விளக்கியபோது எனக்கு வியர்த்துவிட்டது. இந்த ஒரு அறிவுரைக்கே கொடுத்த பணம் தகும்.

ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிரேட்மார்க் பதிவு கேட்க வழிசெய்யும் மாட்ரிட் நெறிமுறையில் இந்தியா 2013-இலும் ஐக்கிய அரபு அமீரகம் 2021 இறுதியிலும் சேர்ந்திருப்பதால், விண்ணப்பம் இங்கிருந்தே போனது. அடிப்படைக் கட்டணம் 653 சுவிஸ் பிராங்க், நிறத்தையும் கோரினால் 903 என்பதால் கறுப்பு வெள்ளையிலேயே போடச் சொன்னார்கள். மஞ்சள் போய்விட்டதே என்று என் மைத்துனருக்கு இன்னும் வருத்தம். முதல் 5 ஆண்டுக்குள் இந்தியப் பதிவு விழுந்தால் வெளிநாட்டுப் பதிவும் சேர்ந்து விழும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

குறை பில்லில்தான். அமீரகத்துக்கென்று தனிக் கட்டணம் உண்டு என்பதை இரண்டாவது பில் வந்த பிறகே தெரிந்துகொண்டேன். அந்நாட்டு அலுவலகம் மறுப்புத் தெரிவித்தால் அங்குள்ள முகவர் மூலம் பதில் தர வேண்டும். அதற்கு எவ்வளவு ஆகும் என்று இரண்டு முறை கேட்டும், “வந்தால் பார்க்கலாம் சார்” என்பதைத் தவிர இதுவரை எழுத்தில் ஒன்றும் வரவில்லை.