ஏழு வருஷமா கொரியன் சப்டைட்டில் ஃபைலோட மல்லுக்கட்டுறேன், என் அனுபவம்

கொரியன் சீரியலுக்கு தமிழ்ல சப்டைட்டில் போடுற வேலை, ஏழு வருஷமா தினமும் ஹங்குல் எழுத்தோடதான் பொழப்பு. படிக்கிறதுல வந்த கஷ்டத்த விட அந்த எழுத்து கம்ப்யூட்டர்ல எப்படி சேவ் ஆகுதுங்கறதுல பட்ட கஷ்டம்தான் ஜாஸ்தி.

மொத வருஷம் நடந்தது. 'ஹன்குக்'னு பேர் வெச்ச ஃபைல் கண்ணு முன்னாடியே இருக்கு, சர்ச்ல அடிச்சா இல்லங்குது, நான் அத திரும்ப டவுன்லோட் பண்ணி போட்டா ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் உக்காந்திருக்கு. அரை நாள் போச்சு. கடைசில பாத்தா ஒரு பேர் ஹன், குக்னு ரெண்டு முழு எழுத்தா இருக்கு, இன்னொரு பேர் ஹ, அ, ன், க, உ, க்னு ஆறு துண்டா இருக்கு. எழுத்த பைட்டா சேவ் பண்ற யூடிஎஃப்-8 முறைல மொதல்ல உள்ளது 6 பைட், அடுத்தது 18 பைட். சில சிஸ்டம் ஃபைல் பேர பிரிச்சு வெச்சுக்கும், அதான் காரணம். அன்னைலேர்ந்து எந்த ஃபைல் வந்தாலும் மொத வேலையா, துண்டுகள முழு எழுத்தா சேத்து வெக்கற என்எஃப்சி வடிவத்துக்கு மாத்திடுவேன். நம்ம 'கொ' கூட இப்படித்தான், கொம்பும் காலும் தனித்தனியாவும் அடிக்கலாம், ஒரே குறியாவும் அடிக்கலாம், அதனால தமிழ் லைனுக்கும் இதே மருந்துதான்.

ஆனா முழு எழுத்துகள யூனிகோட்ல, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கற பட்டியல்ல, அடுக்கியிருக்கற விதம் இருக்கே, எனக்கு ரொம்பப் புடிச்சது அதான். முதல் மெய் 19, உயிர் 21, கடைசி மெய் 27, அது இல்லாததையும் ஒண்ணா சேத்தா 28, பெருக்குனா 11,172. எல்லாம் 44032ங்கற நம்பர்லேர்ந்து வரிசையா நிக்குது, நம்பர் கண்டுபிடிக்க டேபிளே வேணாம். 'ஹன்'னுக்கு பூஜ்யத்துலேர்ந்து எண்ணுனா ஹ 18, அ 0, ன் 4. 18ஐ 21ஆல பெருக்கி, அத 28ஆல பெருக்கி, 4 கூட்டுனா 10588, கூட 44032, மொத்தம் 54620. அதான் அந்த எழுத்தோட நம்பர்! நானே பேப்பர்ல போட்டுப் பாத்தேன்.

பழைய ஃபைல்தான் தலைவலி. 1987 கொரியன் எழுத்துக் குறியீட்டு ஸ்டாண்டர்ட்ல 2,350 முழு ஹங்குல் எழுத்துதான், 'த்தோம்' மாதிரி எழுத்தெல்லாம் அதுல கெடையாது. இந்த 11,172ம் இப்ப இருக்கற எடத்துக்கு வந்ததே 1996ல யூனிகோட் 2.0லதான். பழசு யூடிஎஃப்-8ல தொறந்தா கட்டம் கட்டமா வரும், இயூசி-கேஆர்ங்கற பழைய கொரியன் முறைக்கு மாத்தி தொறந்தா பெரும்பாலும் சரியாயிடும்.

சரித்திர சீரியல் குறிப்புல வர்ற, இப்ப வழக்குல இல்லாத, புள்ளி மாதிரி எழுதுற ஒரு பழைய உயிரெழுத்து சேந்த எழுத்துக்கு மட்டும் தனி நம்பர் கெடையாது, துண்ட சேத்துத்தான் ஆகணும். பல ஃபான்ட்ல அது பிஞ்சு பிஞ்சு நிக்குது, அதுக்குன்னே பழைய ஹங்குல் தெரிஞ்ச ஃபான்ட் ஒண்ணு தனியா போட்டு வெச்சிருக்கேன்.