எல்லைப் பெட்டி எதை நினைவில் வைக்கிறது? நேட், சிஜிநேட், என்பிடிவி6, நேட்64: ஓர் அலசல்

இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரி 32 பிட். எல்லாம் சேர்த்து சுமார் 429 கோடி முகவரிகள்தான். இது பத்தாது என்பது 1990களின் தொடக்கத்திலேயே புரிந்துவிட்டது. 1994 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1631 (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப ஆவணங்களின் வரிசை) ஒரு தற்காலிக வழியைச் சொன்னது. உள்ளே ஒரு முகவரி வட்டாரம், வெளியே இன்னொன்று, நடுவில் முகவரியை மாற்றி எழுதும் ஒரு பெட்டி. அதுதான் நேட்.

நேட் நல்லதா கெட்டதா என்ற சண்டை அன்றிலிருந்தே ஓயவில்லை. வட்டாரங்கள் பிரிந்திருப்பதில் தப்பில்லை என்பது என் கருத்து. நான் பார்ப்பது இரண்டு விஷயம்: எல்லையில் நிற்கும் பெட்டி ஒவ்வோர் இணைப்பையும் நினைவில் வைத்தாக வேண்டுமா? உள்ளே இருக்கும் கணினிக்குத் தன் முகவரி தெரியுமா?

முதலில் வீட்டு ரவுட்டரில் இருக்கும் சாதாரண நேட். 192.168.1.20 என்ற கணினி 51000 போர்ட்டிலிருந்து (ஒரே முகவரியில் பல இணைப்புகளைப் பிரித்துக்காட்டும் எண்) ஒரு பேக்கெட், அதாவது தரவுத் துண்டு, அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் அதை 203.0.113.5, போர்ட் 40012 என்று மாற்றி, பிழை கண்டறியும் கூட்டெண்ணான செக்சம்மைத் திருத்தி, அட்டவணையில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது. பதில் வந்தால் அந்த வரியைப் பார்த்துத்தான் உள்ளே அனுப்பும். வரி போய்விட்டால் இணைப்பும் போயிற்று. யூடிபி என்ற எளிய அனுப்பும் முறைக்கான வரியைக் குறைந்தது 2 நிமிடமாவது வைத்திருக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 4787. ஆனால் பல பெட்டிகள் அதற்கு முன்பே அழித்துவிடுகின்றன. அதனால்தான் வயர்கார்ட் போன்ற விபிஎன்களில் 25 விநாடிக்கு ஒருமுறை வெறும் பேக்கெட் அனுப்பும் வழக்கம் இருக்கிறது. கைபேசியின் பேட்டரியை இது தின்னும்.

அப்புறம், கணினிக்குத் தன் வெளி முகவரி தெரியாது. கோப்பு அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியில் கணினி தன் முகவரியை 'போர்ட்' கட்டளைக்குள் எண்களாகவே எழுதி அனுப்பும்: 192,168,1,20 என்று. பேக்கெட்டின் தலைப்பை மட்டும் மாற்றினால் போதாது, உள்ளே எழுதியிருப்பதையும் ரவுட்டர் படித்துத் திருத்த வேண்டும். இணைப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதுவும் முடியாது. நேட்டைத் தாண்டி இணைப்பு ஏற்படுத்த ஸ்டன், டர்ன், ஐஸ் என்று ஒரு பட்டாளமே உருவானதற்குப் பெரிய காரணம் இதுதான்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டு நேட்டை நான் சகித்துக்கொள்வேன். பெட்டி நம் கையில் இருக்கிறது, வேண்டிய போர்ட்டைத் திறந்துவிடலாம்.

சிஜிநேட்டில், அதாவது இணைய நிறுவனமே ஒரு பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிடும் நேட்டில், அந்த உரிமையும் போகிறது. 2011 பிப்ரவரியில் உலக அளவில் முகவரி ஒதுக்கும் ஐஏஎன்ஏவின் ஐபிவி4 கையிருப்பு தீர்ந்தது. 2012 ஏப்ரலில், இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் பயன்படுத்திக்கொள்ள 100.64.0.0/10 ஒதுக்கப்பட்டது. வீட்டுக்குள் இருக்கும் 192.168, 10 வரிசைகளோடு மோதாமலிருக்கத்தான் இந்தத் தனி ஒதுக்கீடு. ஒரு பொது முகவரியில் பயன்படுத்தக்கூடிய போர்ட்கள் 64,512. அதை 32 சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 2,016. ஒருவர் செய்த குறும்புக்காக ஒரு தளம் அந்த முகவரியைத் தடுத்தால் 32 பேரும் வெளியே நிற்க வேண்டும். இந்த வரிசையில் மிக மோசமான தேர்வு இதுதான்.

என்பிடிவி6 வேறு ரகம். ஐபிவி4க்கு அடுத்து வந்த, மிக நீண்ட முகவரி கொண்ட ஐபிவி6க்கானது. 2011இல் ஆர்எஃப்சி 6296 சோதனை முயற்சியாக முன்வைத்தது. முகவரியின் முன்னொட்டை (எந்த வலை என்று காட்டும் முன்பகுதி) மட்டும் ஒன்றுக்கொன்று என்று மாற்றும். முன்னொட்டு மாறுவதால் செக்சம்மில் வரும் வித்தியாசத்தை முகவரிக்குள்ளேயே வேறொரு 16 பிட்டில் சரிக்கட்டிவிடுவார்கள். அதனால் பேக்கெட்டுக்குள் இருக்கும் டிசிபி, யூடிபி பகுதியைத் தொடவே வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். பெட்டியை அணைத்துப் போட்டாலும் கணக்கு மாறாது. மிக அழகான வடிவமைப்பு. ஆனால் கணினிக்குத் தன் வெளி முகவரி தெரியாது என்ற குறை அப்படியே இருக்கிறது.

அதற்கு மாற்று, ஒரே கணினிக்கு இரண்டு முகவரி கொடுப்பது. உள்வேலைக்கு யூஎல்ஏ (உள்வலைக்கு மட்டுமான ஐபிவி6 முகவரி), வெளிவேலைக்குப் பொது முகவரி. மாற்றி எழுதும் வேலையே இல்லை. யூஎல்ஏவில் 40 பிட் குலுக்கலில் எடுக்கப்படுகிறது, அதாவது சுமார் 1.1 லட்சம் கோடி வாய்ப்புகள். இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இருவரும் 10.0.0.0 வைத்திருந்து திண்டாடும் கதை இங்கே அநேகமாக நடக்காது. நேட் போனால் பாதுகாப்பும் போகும் என்பவர்கள் உண்டு. காப்பது முகவரி மாற்றம் அல்ல, கேட்காமல் வரும் பேக்கெட்டைத் தடுக்கும் வடிகட்டல். அதை நேட் இல்லாமலே வைக்கலாம். எந்த முகவரியைத் தேர்வது என்று சொல்லும் ஆர்எஃப்சி 6724இன் வழக்கமான விதிப்படி ஐபிவி4க்கு யூஎல்ஏவைவிட முன்னுரிமை அதிகம், ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் ஓடும் வலையில் இது நெருடும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, பழைய ஐபிவி4 தளங்களை எப்படி எட்டுவது? ஐபிவி6 கணினியை ஐபிவி4 தளத்தோடு பேசவைக்கும் நேட்64. ஐபிவி4இன் 32 பிட்டும் 96 பிட் முன்னொட்டுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிடும். ஒரு வட்டாரம் இன்னொன்றுக்குள் முழுசாக அடங்கிவிடுகிறது. தளத்தின் பெயரைக் கேட்டால் இப்படிக் கட்டிய முகவரியைச் சொல்வது டிஎன்எஸ்64; அது பதிலை இட்டுக்கட்டித் தருவதால், பதில் அசலா என்று பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு இடறும். ஐபிவி4 முகவரியை நேராக எழுதிவைத்த செயலிகள் ஓடாது, அதற்கு, கணினிப் பக்கத்திலேயே ஐபிவி4ஐ ஐபிவி6 ஆக மாற்றும் 464எக்ஸ்லேட் உண்டு. இங்கேயும் பெட்டி அட்டவணை வைத்திருக்கிறது. ஆனால் ஐபிவி6க்கு மாறும் ஒவ்வொரு தளமும் அந்த அட்டவணையிலிருந்து விலகிப் போகும். சிஜிநேட்டில் அந்த நம்பிக்கை இல்லை, சந்தாதாரர் கூடக்கூட அது வீங்கத்தான் செய்யும்.

இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிய சின்ன அலுவலகம் மட்டும் எனக்கு இடிக்கிறது. ஒரு இணைப்பு விழுந்தால் எல்லாக் கணினிகளும் மற்ற முன்னொட்டுக்கு ஒழுங்காக மாறுவது இன்னும் சிக்கலான வேலை. அங்கே என்பிடிவி6 போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐபிவி6இலும் எல்லோரையும் ஒரே முகவரிக்குப் பின்னால் போர்ட் மாற்றி ஒளித்து வைக்காதீர்கள். முகவரிப் பஞ்சமே இல்லாத இடத்தில் அந்த அட்டவணைக்கு ஒரு வேலையும் கிடையாது.