எக்லிப்ஸில் சிவப்புக் குறி: அப்டேட்டா, புது இம்போர்ட்டா?

எக்லிப்ஸ் என்ற கோட் எழுதும் மென்பொருளில், மேவன் (ஜாவா ப்ராஜெக்ட்டைக் கட்டித்தரும் கருவி) வெப் ப்ராஜெக்ட்டில் கோடில் தப்பே இல்லாமல் சிவப்புக் குறி விழுந்தால், கைவசம் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ஆல்ட்+எஃப்5 அழுத்தி 'அப்டேட் ப்ராஜெக்ட்' கொடுப்பது. சில நொடிதான். பாம் ஃபைலில் (pom.xml, மேவனின் அமைப்பு ஃபைல்) இருப்பதை எக்லிப்ஸ் மறுபடி படித்துக்கொள்ளும். சிக்கலும் அங்கேதான்: பாமில் ஜாவா பதிப்பைச் சொல்லாமல், மேவனின் பழைய கம்பைலர் ப்ளகினும் (கோடை கம்பைல் செய்யும் துணைக்கருவி) இருந்தால், நீங்கள் எக்லிப்ஸின் பில்ட் பாத் அமைப்பில் கையால் மாற்றிய ஜாவா 8 போய் 1.5 வந்து உட்காரும். உடனே 'டைனமிக் வெப் மாட்யூல் 3.0-க்கு ஜாவா 1.6 தேவை' என்று புதுப் பிழை! அதனால் ஜாவா பதிப்பைச் சொல்லும் மேவன் கம்பைலர் சோர்ஸ் (maven.compiler.source), டார்கெட் (maven.compiler.target) இரண்டையும் முதலில் பாமில் எழுதுங்கள்.

இரண்டாவது வழி, ப்ராஜெக்ட்டை எக்லிப்ஸிலிருந்து எடுத்துவிட்டு, எக்லிப்ஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் டாட் ப்ராஜெக்ட் (.project), டாட் கிளாஸ்பாத் (.classpath), டாட் செட்டிங்ஸ் (.settings) மூன்றையும் அழித்து, அப்புறம் மேவன் ப்ராஜெக்ட்டாக இம்போர்ட் செய்வது. எடுக்கும்போது 'டிஸ்க்கிலும் அழி' பெட்டியில் டிக் வைக்கவே கூடாது. வைத்தால் கோடே போய்விடும். டாம்கேட் வெப் சர்வரையும் திரும்ப இணைக்க வேண்டும்.

நான் எப்போதும் முதல் வழியில்தான் தொடங்குவேன். ஃபாசெட் (டைனமிக் வெப் மாட்யூல் போன்ற ப்ராஜெக்ட் அம்சம்) பதிப்பை மாற்ற முடியாது என்று எக்லிப்ஸ் அடம்பிடித்தால் மட்டும் இரண்டாவது. அந்தப் பழைய எண் செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.