மணிக்கூடு காட்டிய கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா? பதினான்கு மாத அனுபவம்

யாழ்ப்பாண நகரில் மேசை வேலை பார்க்கும் 46 வயதுக்காரன் நான். 84 கிலோ நிறையைக் குறைக்க வேண்டும் என்று ஓர் உடற்பயிற்சி மணிக்கூட்டையும் அதனுடன் இயங்கும் கைபேசிச் செயலியையும் வாங்கிப் பதினான்கு மாதங்களாகின்றன. விடிய எழும்பிப் பண்ணைப் பாலம் வழியே 45 நிமிடம் சைக்கிள் ஓடிவிட்டு வந்தால், 520 கலோரி எரிந்ததாக மணிக்கூடு காட்டும். செயலி உடனே அதை அன்றைய உணவு அளவோடு கூட்டிவிடும். முதல் மூன்று மாதமும் அந்த 520ஐயும் மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். “சைக்கிள் ஓடினதுக்குக் கூலியாப் பிட்டோ?” என்று மனைவி கேட்டதை அப்போது பகிடியாகவே எடுத்துக்கொண்டேன். மூன்று மாத முடிவில் குறைந்தது ஒரு கிலோ மட்டுமே.

பிழை எங்கே என்று தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தின்படி, 170 சென்ரிமீற்றர் உயரமுள்ள எனக்கு ஓய்வு நிலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,680 கலோரி வேண்டும். செயலியில் ‘இலேசான உடற்பயிற்சி’ என்று நான் தெரிவு செய்திருந்ததால் அதை 1.375 ஆல் பெருக்கி, அதிலிருந்து 500ஐக் கழித்து, 1,800 என்று இலக்கு தந்திருந்தது. உட்கார்ந்தே இருப்பவருக்குரிய 1.2 ஆல் பெருக்குவதோடு ஒப்பிட்டால் இதில் 290 கலோரி கூட. அதாவது சைக்கிள் ஓட்டத்துக்குரிய பங்கு இலக்குக்குள் ஏற்கெனவே இருந்தது. அதற்குமேல், சும்மா இருந்தாலும் அந்த 45 நிமிடத்தில் செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்துவிட்டால், என் வேகத்துக்கு உண்மையான செலவு 315 அளவில்தான் வரும். மணிக்கூடு 200ஐக் கூட்டிக் காட்டியிருக்கிறது. 290உம் 200உம் சேர, நான் விட்டுவைத்ததாக நம்பியிருந்த 500 கரைந்துபோயிற்று.

என் மணிக்கூட்டை மட்டும் குறைசொல்ல முடியாது. 2017இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் மிகச் சிறந்ததே சராசரியாக 27 வீதம் பிழைத்தது, மிக மோசமானது 93 வீதம். எங்கள் சித்திரை, வைகாசி வெயிலில் உடலைக் குளிர்விப்பதற்காகவே இதயம் வேகமாகத் துடிக்கும். துடிப்பை வைத்துக் கணிக்கும் கருவி அதையும் உழைப்பாக எடுத்துக்கொள்கிறது.

கூலியாக வரும் உணவோ சிறிதல்ல. 100 கிராம் அரிசிமாவில் அவித்து 50 கிராம் தேங்காய்ப்பூ சேர்த்த பிட்டு ஏறத்தாழ 540 கலோரி. சொதியும் சம்பலும் இதில் அடங்கா.

அடுத்த மூன்று மாதம் உடற்பயிற்சிக் கலோரி எதையும் திரும்பச் சாப்பிடாமல் 1,800 இலேயே நின்றேன். ஐந்து கிலோ குறைந்தது. ஆனால் ஞாயிறுகளில் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போய்வர ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஓடுவேன். அந்த நாட்களிலும் அதே 1,800 என்று பிடிவாதம் பிடித்ததால் பின்னேரம் தலை சுற்றியது. இரவில் அடக்க முடியாத பசியில் பாணும் வாழைப்பழமுமாக எல்லாக் கணக்கும் தவறியது.

அதன் பிறகு, நாளாந்த 45 நிமிட ஓட்டத்துக்கு எதையும் கூட்டாமல், ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் மணிக்கூடு காட்டுவதில் பாதியை மத்தியானச் சோறும் மீன்குழம்புமாகச் சாப்பிடுகிறேன். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றாமல் வைத்தியரிடம் கதைத்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

இப்போது 75 கிலோ. நிறை குறையக் குறைய அதே ஓட்டத்துக்கான செலவும் 280 அளவுக்கு இறங்கிவிட்டதால், இலக்கை இரண்டு முறை குறைத்திருக்கிறேன். அதைத் தீர்மானிப்பது ஏழு நாள் நிறையின் சராசரிதான். மணிக்கூடு இன்னமும் கையில் இருக்கிறது, தூரமும் துடிப்பும் பார்க்க. உடற்பயிற்சிக் கலோரியை உணவுக் கணக்கில் சேர்க்கும் அமைப்பைச் செயலியில் நிறுத்திவிட்டேன்.